ஹாஸ்டல் நாய்களை வெளியேற்றச் சொல்லும் உச்ச நீதிமன்றம்: மான் மேயும் கேம்பஸில் இது எப்படி நடக்கும்?

எந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் ஹாஸ்டல் மெஸ் பின்வாசலில் நாலு நாய் படுத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. ஒரு பிளாக்கில் 'மணி' என்று கூப்பிடும் நாயை அடுத்த பிளாக்கில் 'ரோமியோ' என்பார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் கூப்பிட்டால் வாலாட்டிக்கொண்டு ஓடி வரும். ராத்திரி பதினோரு மணிக்கு லைப்ரரியில் இருந்து சைக்கிளில் வரும் முதலாண்டு மாணவியை அதே நாய் துரத்தும்.

இரண்டும் ஒரே நாய்தான். அதான் இந்த விவகாரத்தில் யாரிடம் கேட்டாலும் வேறு வேறு பதில் வருகிறது.

2023 ஏப்ரலில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழக வளாகத்தில் காலையில் நடைப்பயிற்சிக்கு வந்த முதியவர் ஒருவரை நாய்க் கூட்டம் சூழ்ந்து கடித்துக் குதறியது. அவர் அங்கேயே உயிரிழந்தார். சிசிடிவி காட்சி நாடு முழுக்கப் பரவியது. "கேம்பஸ் நாய் யாரையும் ஒண்ணும் பண்ணாது" என்ற பேச்சை அதற்குப் பிறகு அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை.

இப்போது உச்ச நீதிமன்றமே தலையிட்டிருக்கிறது. 2025 நவம்பர் 7 அன்று வந்த உத்தரவின்படி பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களில் இருக்கும் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிடித்த இடத்தில் திரும்ப விடக் கூடாது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு பல்கலைக்கழகத்துக்குள் இதைச் செய்யப் போனால் என்னவெல்லாம் வரும்?

நீதிமன்றம் என்ன சொன்னது?

கதை 2025 ஜூலையில் ஆரம்பிக்கிறது. டெல்லியில் குழந்தைகளை நாய் கடிப்பது பற்றி வந்த ஒரு பத்திரிகைச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு டெல்லி மற்றும் சுற்றுப்பகுதிகளின் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. விலங்கு ஆர்வலர்கள் கொதித்தார்கள்.

பதினோரு நாளில் காட்சி மாறியது. ஆகஸ்ட் 22 அன்று நீதிபதி விக்ரம் நாத் தலைமையிலான மூவர் அமர்வு அந்த உத்தரவைத் திருத்தியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பூச்சி மருந்து கொடுத்த நாயைப் பழைய இடத்திலேயே விடலாம், ரேபிஸ் பாதித்த அல்லது மூர்க்கமான நாயை மட்டும் விடக் கூடாது என்றது. கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. வழக்கு டெல்லியைத் தாண்டி எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது.

நவம்பர் 7 உத்தரவும் அதே மூவர் அமர்விடம் இருந்துதான் வந்தது. தெருவில் 'திரும்ப விடலாம்' என்ற விதி தொடர்கிறது. கல்வி நிறுவனம், மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களுக்கு மட்டும் 'திரும்ப விடாதே' என்கிறது நீதிமன்றம். திரும்ப விட்டால் வெளியேற்றிய நோக்கமே வீணாகிவிடும் என்பது அதன் வாதம்.

கூடவே சில வேலைகளும் கொடுத்திருக்கிறது. வளாகத்துக்குச் சுற்றுச்சுவரோ வேலியோ கேட்டோ போட வேண்டும். பராமரிப்புக்கு ஒரு பொறுப்பு அலுவலரை நியமித்து, அவர் விவரத்தை நுழைவாயிலில் எழுதி வைக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வந்து பார்க்க வேண்டும். மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் விழிப்புணர்வு வகுப்பு நடத்த வேண்டும்.

அப்போ பழைய விதி?

2023 மார்ச்சில் மத்திய அரசு அறிவிக்கை செய்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் இன்னும் நடைமுறையில் இருக்கின்றன. சுருக்கமாக 'ஏபிசி விதிகள்' என்பார்கள். 2001இல் வந்த விதிகளுக்குப் பதிலாக வந்தவை இவை. நாயைப் பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. இதுதான் அதன் அடிப்படை.

ஏன் பிடித்த இடத்திலேயே? நாய் எல்லை பார்த்து வாழும் விலங்கு. ஒரு தெருவில் கருத்தடை செய்த நாலு நாய் இருந்தால் ஐந்தாவது நாயை உள்ளே விடாமல் குரைத்தே விரட்டும். அந்த நாலையும் எடுத்துவிட்டால் இடம் காலி, சாப்பாடும் காலியாக இருக்கிறது. பக்கத்துத் தெருவில் இருந்து கருத்தடை செய்யாத, ஊசி போடாத புதுசு வந்து உட்கார்ந்துகொள்ளும். கோட்பாடு இதுதான்.

கோட்பாட்டில் பிழை சொல்ல முடியாது. நடைமுறையில்தான் ஓட்டை. ரேபிஸ் பரவலைத் தடுக்க ஒரு பகுதியில் குறைந்தது 70 சதவீத நாய்களுக்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருத்தடையும் இதேபோலப் பெரும்பாலானவற்றுக்கு, அதுவும் குறுகிய காலத்தில் செய்தால்தான் பலன் தெரியும். சென்னையில் 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். 2018இல் அது ஏறக்குறைய 57 ஆயிரம். கருத்தடை ஆனவை 27 சதவீதம்தான். வருஷத்துக்குக் கொஞ்சம் பேருக்கு ஆபரேஷன், மற்றவை குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். இப்படி நடந்தால் எத்தனை வருஷம் ஆனாலும் எண்ணிக்கை இறங்காது.

2024இல் நாடு முழுக்க 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் தமிழ்நாட்டின் பங்கு மட்டும் சுமார் 4.8 லட்சம். நீதிமன்றத்தின் பொறுமை எங்கே போனது என்று இந்த எண்ணைப் பார்த்தால் புரியும்.

நாய்களுக்குக் கேம்பஸ் ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் தினமும் மிஞ்சும் சோற்றை நினைத்துப் பாருங்கள். இட்லி, சப்பாத்தி, கோழி எலும்பு எல்லாம் ஒரே டிரம்மில். மூடி இருக்காது, இருந்தாலும் மூட மாட்டார்கள். அந்த டிரம்தான் கேம்பஸில் எத்தனை நாய் வாழலாம் என்று முடிவு செய்கிறது. நிர்வாகமோ மாணவர் மன்றமோ அதை முடிவு செய்வதில்லை.

அப்புறம் பாசம். வீட்டை விட்டு முதல்முறையாக வெளியே வந்த பதினெட்டு வயசுப் பிள்ளைகளுக்கு அந்த நாய்கள் பெரிய ஆறுதல். இதை வெளியில் இருப்பவர்கள் கிண்டல் செய்யலாம், ஆனால் பரீட்சை சமயத்தில் ஹாஸ்டல் வராந்தாவைப் பார்த்தவர்கள் கிண்டல் செய்ய மாட்டார்கள். நைட் டியூட்டி செக்யூரிட்டிக்கும் நாய் கூட்டாளிதான். டீ வாங்கும்போது அதற்கும் ஒரு பன் வாங்குவார்.

சிக்கல் மே மாதம் வரும். ஹாஸ்டல் காலி. மெஸ் மூடல். ஒன்பது மாதம் கையில் வாங்கிச் சாப்பிட்ட நாய் ஒரே வாரத்தில் பட்டினி ஆகிறது. அப்போதுதான் ஊழியர் குடியிருப்புப் பக்கம் போகும், குப்பையைக் கிளறும், கூட்டமாகத் திரியும், மான் குட்டியையும் விரட்டும். சோறு வைத்தவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் ஊரில் இருப்பார்கள்.

வெளியில் இருந்து வந்து கொட்டுகிறவர்களும் உண்டு. பெரிய மரம், நல்ல மனிதர்கள், சாப்பாடு கிடைக்கும் என்று நினைத்து வீட்டில் வளர்த்த நாயையோ, அட்டைப் பெட்டியில் குட்டிகளையோ பல்கலைக்கழக வாசலில் விட்டுவிட்டுப் போவது நடக்கிறது. விலங்குகளை இப்படிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. நோ பார்க்கிங்கில் பைக் நிறுத்தினால் இதைவிட அதிகம் கட்ட வேண்டும்.

ஐஐடி மெட்ராஸ்: நாயா, மானா?

'பிடித்த இடத்திலேயே விடு' என்ற விதி எங்கே உடையும் என்று பார்க்க வேண்டுமானால் சென்னை கிண்டிக்குத்தான் வர வேண்டும்.

1959இல் ஐஐடி மெட்ராஸ் தொடங்கியபோது கிண்டிக் காட்டின் ஒரு பகுதிதான் அதற்குக் கொடுக்கப்பட்டது. 600 ஏக்கருக்கு மேல். மிச்சக் காட்டில் ஒரு பகுதி 1978இல் கிண்டி தேசியப் பூங்கா ஆனது. அதன் மொத்தப் பரப்பே மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. பக்கத்தில் ஆளுநர் மாளிகை. ஒரே காட்டை மூன்றாகப் பிரித்துச் சுவர் எழுப்பியாகிவிட்டது. மான்களுக்கு இந்தப் பாகப்பிரிவினை தெரியாது.

ஐஐடி வளாகத்தில் புள்ளிமானும் இருக்கிறது, வெளிமானும் இருக்கிறது. வெளிமான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. புலிக்கும் யானைக்கும் இருக்கும் அதே உச்சப் பாதுகாப்பு. புள்ளிமானும் அதே சட்டத்தின் கீழ்தான் வருகிறது.

வெளிமானுக்கு மரம் அடர்ந்த காடு பிடிக்காது. திறந்த புல்வெளி வேண்டும், தூரத்தில் வரும் ஆபத்தைப் பார்த்து ஓடித் தப்பிப்பதுதான் அதன் பழக்கம். பெரிய மானை நாய் ஓடிப் பிடிப்பது கஷ்டம். குட்டி கதை வேறு. பிறந்த குட்டியைத் தாய் புல்லுக்குள் மறைத்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் மேயும். குட்டி அசையாமல் படுத்திருக்கும். சிறுத்தையோ ஓநாயோ எப்போதாவது வரும் காட்டில் இது நல்ல உத்தி. தினமும் மூக்கை வைத்துக்கொண்டு அதே புல்லைச் சுற்றும் இருபது நாய் இருக்கும் இடத்தில் அந்த உத்தி பலிக்காது.

நாய் கடிக்கவே வேண்டும் என்றுகூட இல்லை. விரட்டினாலே போதும். மிரண்டு ஓடும் மான் வேலியில் மோதும், ரோட்டில் பாயும், சில நேரம் அதிர்ச்சியிலேயே இறந்துவிடும். நாய்கள் மூலம் ரேபிஸும் கெனைன் டிஸ்டெம்பரும் காட்டு விலங்குகளுக்குப் போகும் அபாயமும் இருக்கிறது. பக்கத்துக் கிண்டிப் பூங்காவில் நரிகளும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

நாய் மட்டும்தான் வில்லன் என்றும் சொல்லிவிட முடியாது. ஐஐடி வளாகத்தில் இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் கவர்கள் இருந்ததாகவும் செய்திகள் வந்திருக்கின்றன. புல்வெளியில் கட்டடம் எழும்பினால் வெளிமானுக்கு ஓடவும் இடம் இல்லை. மான் விஷயத்தில் நாயின் பங்கு பெரியது, ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வது நிர்வாகத்துக்கு வசதியாகவும் இருக்கிறது.

2020இல் ஐஐடி நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்தது. வளாகத்தில் திரிந்த நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து, வளாகத்துக்குள்ளேயே வேலி போட்ட தனி இடத்தில் அடைத்தது. இன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கச் செய்யச் சொல்வதன் சிறிய வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

என்ன ஆனது? அடைத்த நாய்களில் பல இறந்துவிட்டதாக விலங்கு ஆர்வலர்கள் புகார் சொன்னார்கள். முறையாகப் பராமரிக்கிறோம் என்றது நிர்வாகம். விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஆய்வு, அறிக்கை, வாதம் என்று மாதக்கணக்கில் இழுத்தது.

யார் சொன்னது சரி என்பதைவிட, ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பார்க்கலாம். வெவ்வேறு மூலையில் தனித்தனி எல்லை வைத்து வாழ்ந்த நாய்களை ஒரே வேலிக்குள் விட்டால் முதல் வாரம் சண்டைதான். அடுத்து நோய். டிஸ்டெம்பர், பார்வோ மாதிரியான வைரஸ்கள் நெருக்கமான இடத்தில் தீ மாதிரிப் பரவும். வயதான நாய் சாப்பாட்டுத் தட்டுக்கே வர முடியாமல் ஒதுங்கும். தனித்தனிக் கூண்டு, புதிதாக வருவதற்குத் தனிமைப்படுத்தும் இடம், முழுநேரக் கால்நடை மருத்துவர், தினக்கூலி ஆட்கள் எல்லாம் இருந்தால்தான் அதைக் காப்பகம் என்று சொல்லலாம். இல்லையென்றால் அது வெறும் வேலி.

நாட்டின் முன்னணிக் கல்வி நிறுவனம் ஒன்றே, இடமும் பணமும் இருந்தும், நீதிமன்றப் படி ஏற வேண்டி வந்தது. மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரு அரசுக் கலைக் கல்லூரி இதை எப்படிச் செய்யும்?

மாடு, குரங்கு, பூனை

கேம்பஸில் நாய்க்கு மட்டும்தான் இப்படி ஒரு உத்தரவு வந்திருக்கிறது. மற்ற விலங்குகள் வேறு வேறு சட்டத்தின் கீழ், வேறு வேறு அலுவலகத்தின் பொறுப்பில் வருகின்றன.

ஐஐடி பாம்பேயில் 2019 ஜூலையில் நடந்து போய்க்கொண்டிருந்த மாணவர் ஒருவரை மாடு முட்டித் தூக்கி வீசிய வீடியோ வைரலானது. அதே மாதத்தில் வகுப்பறைக்குள் ஒரு மாடு ஹாயாக நடந்து போகும் வீடியோவும் வந்தது. மாட்டுக்குப் பெரும்பாலும் உரிமையாளர் இருப்பார், ஆனால் முட்டிய பிறகு யாரும் "என் மாடு" என்று வர மாட்டார்கள். அந்த வளாகத்துக்கு அருகே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா இருப்பதால் சிறுத்தை நடமாட்டமும் அவ்வப்போது பேசப்படும். சிறுத்தை ஏன் மனிதர்கள் இருக்கும் பக்கம் வருகிறது? தெருநாய்தான் அதற்குச் சுலபமான இரை. நாயைக் குறைத்தால் சிறுத்தை வருவதும் குறையலாம், அல்லது பசியில் வேறு எதையாவது தேடலாம். இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்சா கச்சிபௌலியில் 2025 ஏப்ரலில் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். 400 ஏக்கர் நிலத்தில் புல்டோசர்கள் இறங்கின. உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அந்த நாட்களில்தான் வளாகத்துக்குள் வந்த புள்ளிமான் ஒன்று நாய்கள் கடித்து இறந்தது. கடித்தது நாய், உண்மை. மானைப் புதருக்குள் இருந்து வெளியே துரத்தியது எது என்று மாணவர்கள் கேட்டார்கள்.

குரங்கு விஷயத்தில் நிலைமை இன்னும் வேடிக்கை. ஜன்னல் திறந்திருந்தால் ஹாஸ்டல் ரூமுக்குள் வந்து பிஸ்கட், பழம், சில சமயம் மாத்திரை அட்டையைக்கூடத் தூக்கிக்கொண்டு போகும். அதற்கு மாநகராட்சியைக் கூப்பிட்டால் வனத்துறையைக் கேளுங்கள் என்பார்கள். பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விட்டால் அங்கே இருக்கும் கூட்டம் அதைச் சேர்த்துக்கொள்ளாது. ஜன்னலுக்கு வலை போடுவது செலவு குறைவு, யாரும் கேஸ் போடவும் மாட்டார்கள்.

பூனைகளைப் பற்றி இந்தியப் பல்கலைக்கழகங்கள் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ஆனால் கேம்பஸ் விலங்குகளை வருஷக்கணக்கில் எண்ணி, எழுதி வைத்த நல்ல ஆய்வுகள் பூனைகளை வைத்துத்தான் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 1991 முதல் 2002 வரை 155 பூனைகளைப் பின்தொடர்ந்தார்கள். கருத்தடை செய்தார்கள். 1996இல் வளாகத்தில் 68 பூனைகள். 2002இல் 23. சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்திலும் இதே மாதிரி. 2008இல் 69 பூனைகள், 2017இல் 15.

இந்த எண்ணைக் காட்டி "பாருங்க, கருத்தடை போதும்" என்று சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். ஃபுளோரிடாவில் அந்த 155இல் கிட்டத்தட்ட பாதியை வீடுகளுக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். எண்ணிக்கை இறங்கியதற்குப் பெரிய காரணம் அதுதான். இன்னொன்று, புதிதாக ஒரு பூனை வளாகத்துக்குள் வந்தால் உடனே கண்டுபிடித்து ஆபரேஷனுக்குக் கொண்டுபோக ஆள் இருந்தார்கள், பத்து வருஷத்துக்கும் மேலாக. நம் ஊர்க் கல்லூரிகளில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் மாணவர் குழு நாலாம் ஆண்டு முடிந்ததும் கலைந்துவிடும். அடுத்த பேட்ச்சில் ஆள் கிடைத்தால் உண்டு.

கடித்தால் என்ன செய்ய வேண்டும்?

இதைச் சொல்லாமல் போக முடியாது. "ஹாஸ்டல் நாய்தானே, ஊசி போட்டதுதானே" என்று விடுவதுதான் ஆபத்து. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அன்றே தடுப்பூசி. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28ஆம் நாட்களில் போடப்படும். ரத்தம் வரும் அளவுக்குக் கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி ஏறக்குறைய இல்லை. மூன்றாவது ஊசியை செமஸ்டர் பரீட்சை என்று தள்ளிப் போடுவது வேண்டவே வேண்டாம்.

வெளியேற்றினால் தீருமா?

நவம்பர் உத்தரவை முழுக்கத் தப்பு என்று ஒதுக்க முடியாது. வெளிமான் குட்டி படுத்திருக்கும் புல்வெளிக்கும், டீக்கடை இருக்கும் தெருமுனைக்கும் ஒரே விதி என்று 2023 விதிகளைப் பின்பற்றியதில் நியாயம் குறைவு. ஐஐடி மாதிரி வளாகத்தில் கருத்தடை செய்த நாயும் மானை விரட்டத்தான் செய்யும். கருத்தடை குட்டி போடுவதைத்தான் நிறுத்தும், விரட்டுவதை நிறுத்தாது. அந்த மாதிரி இடங்களுக்கு 'திரும்ப விடாதே' என்பது தேவைப்பட்ட பதில்தான்.

ஆனால் நடுத்தெருவில் இருக்கும் ஒரு கல்லூரியில் என்ன ஆகும்? சுவருக்கு உள்ளே இருந்த பத்து நாயும் கருத்தடை ஆனவை, ஊசி போட்டவை, காது நுனி வெட்டி அடையாளம் வைத்தவை என்று வைத்துக்கொள்வோம். அவற்றை ஏற்றிக்கொண்டு போயாகிவிட்டது. மெஸ் டிரம் அங்கேயே இருக்கிறது. பின்பக்கச் சுவரில் சிகரெட் வாங்கப் போக மாணவர்கள் உடைத்த சந்தும் அங்கேயே இருக்கிறது. இரண்டு வாரத்தில் புது நாய் வரும், காது வெட்டாத நாய். நீதிமன்றம் வேலி போடச் சொன்னது சும்மா இல்லை. ஆனால் பிடிப்பது ஒரு நாள் வேலை, வண்டி வந்து போட்டோ எடுத்தால் முடிந்தது. வேலிக்கு டெண்டர் விட வேண்டும். எது முதலில் நடக்கும் என்று யூகிப்பது கஷ்டமில்லை.

பிடித்த நாய் எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. நம் ஊர்களில் பெரும்பாலும் இருப்பவை கருத்தடை மையங்கள். ஆபரேஷன் செய்து, சில நாள் வைத்திருந்து, திரும்ப விடுவதற்கான அளவில் கட்டியவை. ஆயுள் முழுக்க வைத்துச் சோறு போடும் இடங்கள் இல்லை. ஒரு நாய் பத்து வருஷம் வாழலாம். கல்லூரி, மருத்துவமனை, பேருந்து நிலையம் என்று ஒரு ஊரின் அத்தனை இடங்களில் இருந்தும் வருபவற்றை எந்த உள்ளாட்சியின் பட்ஜெட் தாங்கும்? இடம் இல்லாதபோது நாயை ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வருவது புதுப் பழக்கம் இல்லை. அதைவிட மோசமானது விஷம் வைப்பது. அதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 325ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை கிடைக்கும்.

தனக்குச் சோறு வைக்கும் மாணவரைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கும் நிர்வாகத்துக்கும் ஒரு விஷயம் தெரிய வேண்டும். கேம்பஸில் எந்த நாய் எங்கே தூங்கும், எது கர்ப்பமாக இருக்கிறது, எது ஊசியைக் கண்டால் ஓடும், எது சைக்கிளைக் கண்டால் துரத்தும் என்ற கணக்கு அந்த மாணவரிடம்தான் இருக்கிறது. பிடிக்கும் வண்டி வந்தால் அவர் கூப்பிட்டால்தான் நாய் வரும். அவரை எதிரியாக்கினால் ராத்திரியில் நாயை ஒளித்து வைப்பார். இதுவும் நடக்கிறது.

மாணவர்கள் தரப்பிலும் ஒன்று இருக்கிறது. ஹாஸ்டல் வாசலில், படிக்கட்டில், வகுப்பறைப் பாதையில் சோறு வைப்பதை ஏபிசி விதிகளும் அனுமதிக்கவில்லை. ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில், குறித்த நேரத்தில் வைக்க வேண்டும். நாய் எந்த இடத்தில் சாப்பிடுகிறதோ அந்த இடத்தைத்தான் காவல் காக்கும். லைப்ரரி வாசலில் பிஸ்கட் போட்டால் லைப்ரரிக்கு வருகிறவர்களைத்தான் பார்த்துக் குரைக்கும்.

உத்தரவில் அதிகம் பேசப்படாத, ஆனால் உண்மையிலேயே புதிதான பகுதி பொறுப்பு அலுவலர்தான். இதுவரை நாய் கடித்தால் வார்டன் எஸ்டேட் ஆபீஸைக் காட்டுவார், எஸ்டேட் ஆபீஸ் மாநகராட்சியைக் காட்டும், மாநகராட்சி "அது உங்க வளாகம்" என்று சொல்லும். இனி ஒரு பெயர் இருக்கும், கேட்டில் எழுதியிருக்கும். கடிபட்டவரும் அவரிடம் போகலாம், நாயை அடித்துவிட்டார்கள் என்று புகார் சொல்பவரும் அவரிடமே போகலாம்.

அந்த அலுவலர் கையில் எத்தனை நாய், எத்தனைக்குக் கருத்தடை, எத்தனைக்கு ஊசி, கடைசி ஆறு மாதத்தில் எங்கெங்கே கடி என்ற பட்டியல் இருக்குமா, அல்லது ஏற்கனவே பத்துக் கமிட்டியில் இருக்கும் ஒரு பேராசிரியருக்குப் பதினொன்றாவதாக இதுவும் சேருமா என்பது ஒவ்வொரு பல்கலைக்கழகத்தையும் பொறுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கு வருகிறவர் அன்றைக்கு வளாகத்தில் கண்ணில் பட்ட நாய்களை எண்ணிவிட்டுப் போகலாம். மெஸ்ஸின் பின்பக்கம் போய் டிரம்முக்கு மூடி இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.